எம்மாவு வழியில் நாம்



சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்து வாழ்ந்த சூசை என்பாருக்கு, அரசின் இலவசப் பெட்டிக்கடை மறுக்கப்பட்டது. அவர் கிறித்தவர் என்பதே காரணம். கிறித்தவரைப் பட்டியல் சாதியினின்று விலக்கும் 1950-ஆம் ஆண்டு ஆணையை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கை, 1985-இல் உச்ச நீதிமன்றம் தள்ளிற்று. அரசிடம் உரிமையும் இல்லை. பல சபைகளில் சமத்துவமும் இல்லை. இந்நிலையில் விசுவாசம் தளர்தல் வியப்பன்று.

எம்மாவுக்கு நடந்த சீடரும் நம்பிக்கை இழந்தவர்களே. அப்பம் பிட்டபோதுதான் உடன் வந்தவரை அறிந்தனர். ஓசூரை அடுத்த பெங்களூரில், 1981-இல் அர்விந்த் நிர்மல் ஆற்றிய உரை தலித் இறையியலுக்கு வித்திட்டது. இயேசுவும் ஒடுக்கப்பட்டோருள் ஒருவரே என்றார் அவர்.

ஆலை வேலைக்கு வந்துள்ள இளைஞர்களே! உணவையும் கல்வியையும் பகிருங்கள். உரிமை கேட்டு ஒன்றாய் நில்லுங்கள். இழந்த நம்பிக்கை அப்பந்தியில்தான் திரும்பும்.