மருந்தீசர் ஊரும் மனமாற்றமும்

கொட்டிவாக்கத்து மெய்யன்பர்களே!

நம் ஊருக்கு வடக்கே அமைந்த திருத்தலம் திருவான்மியூர். மருந்தீசர் எழுந்தருளியுள்ள அவ்வூரில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வான்மீகி முனிவருக்கும் கோயில் உண்டு. அவர் பெயராலேயே அவ்வூர் வழங்கலாயிற்று என்பது தலபுராண மரபு.

அம்முனிவர் முன்னாளில் வழிப்பறி செய்து வாழ்ந்தவர் என்பர். எதிர்ப்பட்ட நாரதர் அவரைச் சபிக்கவில்லை. “உன் பாவத்தில் உன் குடும்பத்தார் பங்கேற்பார்களா?” என்று ஒரு வினாவையே தொடுத்தார். வீட்டார் மறுத்தபோது, தம் செயலுக்குத் தாமே பொறுப்பு என்பதை அவர் உணர்ந்தார். பின்னரே நாரதர் இராம நாமத்தை, அவருடைய நாவுக்கு இயன்றவாறு “மரா” என்று மாற்றி உபதேசித்தார். உடலைப் புற்று மூடும்வரை தவம் நீண்டது.

பொறுப்பை உணர்த்துதல், இயன்ற வழியைக் காட்டுதல், காலம் அளித்துக் காத்திருத்தல் ஆகிய இம்மூன்றுமே குற்றம் புரிந்தோரைத் திருத்தும் மருந்தாகும்.

சட்டமும் இந்நெறியை அறியாததன்று. இந்திய மாகாணங்களுள் முதன்முதலாகச் சிறார் சட்டம் இயற்றியது சென்னை மாகாணமே; ஆண்டு 1920. குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 1958-இல் வந்தது. 21 வயது நிரம்பாதவரை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் அல்லாதவிடத்து, தக்க காரணத்தைப் பதிவு செய்யாமல் சிறைக்கு அனுப்பலாகாது என்பது அதன் விதி. நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் அவர் வீட்டிலிருந்தே திருந்தலாம். பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்குமாறு நீதிமன்றம் ஆணையிடவும் இடமுண்டு. ஆகவே இது குற்றத்தை மறைக்கும் கருணை அன்று. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமோ, தவறிய சிறார்க்குக் கல்வி, தொழிற்பயிற்சி, மனநல ஆலோசனை, நடத்தையைச் சீராக்கும் சிகிச்சை ஆகியவற்றை வகுத்துள்ளது.

எனினும், சட்டத்தின் கை சிறைவாயில் வரையில்தான் நீளும். அதற்கப்பால் நீள வேண்டியது நம் கை. சிறைத்துறையின் பெட்ரோல் நிலையத்தில் சிறைவாசி ஒருவர் எரிபொருள் நிரப்ப, நாம் தயக்கமின்றிப் பணம் கொடுக்கிறோம். அவரே விடுதலை பெற்று வேலையோ வாடகை வீடோ கேட்டு வந்தால் கதவை அடைக்கிறோம். இது முறையாகுமா? எல்லாக் கதவுகளும் அடைபட்டால், பழைய கூட்டாளியின் கதவு ஒன்றே அவருக்குத் திறந்திருக்கும். பதினைந்து வயதில் தவறிய பிள்ளையைத் திருடன் என்றே அழைத்து வந்தால், அவன் வேறெவனாக வளர்வான்?

அன்பர்களே! வான்மீகியாரை அவருடைய பழைய தொழிலால் எவரும் அழைப்பதில்லை. இராமகாதை தந்த ஆதிகவி என்றே போற்றுகிறோம். முனிவருக்கு நாம் தரும் அம்மதிப்பில் ஒரு சிறு பங்கினை, திருந்தி நம் தெருவுக்குத் திரும்பி வருபவருக்கும் தருவோமாக!