கடனும் கோர்ட் டிக்ரியும்

பத்மாவதி கல்யாணத்துக்காகக் குபேரனிடம் கடன் பட்ட ஸ்ரீநிவாஸப் பெருமாள் இன்றும் வட்டி கட்டுகிறார் என்பது ஐதீகம். அந்தக் கல்யாணம் நடந்த நாராயணவனத்தில் கடனைப் பற்றிப் பேசுவது பொருத்தமே.

கடனைத் திருப்பித் தரும்படி டிக்ரி ஆனால் உடனே ஜெயில் என்று பலர் நடுங்குகிறார்கள். அப்படியல்ல. கடன் கொடுத்தவர் 12 வருஷத்துக்குள் நிறைவேற்று மனு போட வேண்டும். சொத்தோ, சம்பளத்தில் ஒரு பகுதியோ ஜப்தியாகலாம். அரசாங்கப் பென்ஷன் ஆகாது. பணக் கடனுக்காக ஸ்திரீகளைக் கைது செய்யவும் முடியாது. வசதி இருந்தும் ஏமாற்றுகிறவருக்கே சிறை, வெறும் ஏழ்மைக்கு அல்ல என்று 1980-ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார்.

ஆகவே, சம்மன் வந்தால் ஒளியாதீர்கள். போகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி டிக்ரி ஆகிவிடும். நேரில் போய் நிலைமையைச் சொல்லித் தவணை கேளுங்கள். சட்டத்தில் அதற்கு இடமுண்டு. பெருமாளே தவணையில்தானே கட்டுகிறார்!