மூடியில் வைத்த மாத்திரை



எங்கள் பெரியம்மா தவறிப்போன அன்று பெரியப்பா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பந்தல்காரரிடம் பேசினார். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்தார். இரவு உட்கார்ந்து செலவுக் கணக்கு எழுதினார். "மனுஷன் என்ன திடமா நிக்கிறார் பாருங்க" என்று வந்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்தது, வாடகைப் பாத்திரங்கள் திரும்பிப் போயின, நாங்களும் அவரவர் ஊருக்குக் கிளம்பினோம். மூன்றாம் மாதம் பெரியப்பா குளியலறை வாசலில் மயங்கி விழுந்தார்.

ரத்த அழுத்தம் பார்த்த டாக்டர், "மாத்திரையை நிறுத்தி எத்தனை நாளாச்சு?" என்று கேட்டார். பெரியப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் டப்பா மூடியில வச்சு அவதான் கொடுப்பா..." அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. மூன்று மாத அழுகையும் அந்த அறையில்தான் வந்தது.

துக்கம் மனசோடு நிற்கும் சமாசாரம் இல்லை என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. பிரிட்டனில், மனைவியை இழந்த 55 வயதுக்கு மேற்பட்ட 4,486 ஆண்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 1969-இல் வெளிவந்தது. முதல் ஆறு மாதத்துக்குள் அவர்களில் 213 பேர் இறந்திருந்தார்கள். மனைவி உயிரோடிருக்கும் அதே வயதுக்காரர்களோடு ஒப்பிட்டால் இது 40 சதவீதம் அதிகம். காரணங்களில் இதயநோய்தான் முன்னால் நின்றது. ஏன் இப்படி? தூக்கம் கெடுகிறது, வாய்க்கு எதுவும் பிடிப்பதில்லை, உடம்பில் மன அழுத்த ஹார்மோன்கள் ஏறியே இருக்கின்றன. இவற்றோடு, மாத்திரையை மூடியில் வைத்துக் கொடுக்கும் கையும் இல்லாமல் போகிறது.

"நெஞ்சே வெடிச்சிடும் போல இருக்கு" என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதற்கும் மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு. 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் வைத்த பெயர் 'டகோட்சுபோ'. ஆக்டோபஸ் பிடிக்க அந்நாட்டு மீனவர்கள் கடலில் இறக்கும் பானை அது: கழுத்து குறுகி, அடி அகன்றிருக்கும். பேரதிர்ச்சியில் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் வெள்ளமாகப் பாயும்போது, இதயத்தின் இடது கீழறை நுனி செயலிழந்து, அந்தப் பானை போலவே உப்பிவிடுகிறது. நெஞ்சு வலிக்கிறது, மூச்சு திணறுகிறது, இ.சி.ஜி.யும் மாரடைப்பு போலவே காட்டுகிறது. ஆஞ்சியோகிராம் செய்து பார்த்தால் அதற்குக் காரணமாக எந்த அடைப்பும் இருக்காது. பாதிக்கப்படுவோரில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், அதிலும் மாதவிடாய் நின்ற வயதினர். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இதயம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. ஆனாலும் இழவு வீட்டில் ஒரு அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டால், "அழுது அழுது களைச்சுட்டாங்க" என்று விட்டுவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

இழவு வீட்டை நினைத்துப் பாருங்கள். உள்ளே பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கிறார்கள். போனவர் என்னென்ன செய்தார், இனி யார் செய்வார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அழுகிறார்கள். வெளியே பந்தலில் ஆண்கள் நாற்காலி போட்டு, மழையைப் பற்றியும் பஸ் நேரத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். "நீ மூத்தவன், நீயே உடைஞ்சு போனா எப்படி?" என்று ஒரு பையன் முதுகில் தட்டுகிறோம். இப்படி அடக்கினால் உள்ளே என்ன ஆகும் என்று உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ் ஒரு சோதனை செய்தார். சிலருக்குச் சோகப் படம் ஒன்றைப் போட்டுக் காட்டி, உணர்ச்சியை வெளிக்காட்டாமல் பார்க்கச் சொன்னார். முகத்தில் அவ்வளவாக ஒன்றும் தெரியவில்லை. உள்ளே ரத்த ஓட்டத்தில் பரபரப்பு கூடியிருந்தது.

அதற்காக அழாதவர் எல்லாம் நோயில் விழுவார் என்று சொல்ல வரவில்லை. சிலருக்கு அழுகை வராது, அது அவர்கள் சுபாவம். அவர்களை வற்புறுத்தி அழவைப்பதும் கொடுமைதான். அப்படிப்பட்டவர்கள் எழுதிப் பார்க்கலாம். அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மனதை வாட்டிய அனுபவத்தை நான்கு நாள், தினம் 15 நிமிடம் மனம்விட்டு எழுதிய மாணவர்கள், அடுத்த ஆறு மாதத்தில் மருத்துவரிடம் குறைவாகவே போனார்கள்.

பெரும்பாலோர் காலப்போக்கில், பக்கத்தில் இருப்பவர்களின் துணையோடு தேறிவிடுகிறார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் சமைக்க, குளிக்க, வேலைக்குப் போக முடியாத அளவுக்கு ஏக்கம் அழுத்தினால், அதை நீடித்த துக்கம் என்று மருத்துவம் இன்று ஒப்புக்கொள்கிறது. அதற்குச் சிகிச்சை இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். கட்டணம் கிடையாது.

என்னை உறுத்துவது அந்தப் பதினாறாம் நாள். அதுவரை வீடு கொள்ளாத கூட்டம். பதினேழாம் நாள் காலையில் ஒரே ஒரு டம்ளர் காபி. துக்கம் விசாரிக்க நாம் போகவேண்டிய நாள் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

இரவு ஒன்பது மணிக்கு நான் பெரியப்பாவுக்குப் போன் போடுகிறேன். "மாத்திரை போட்டாச்சா பெரியப்பா?" என்று கேட்பேன். "ஆச்சுப்பா" என்பார். உடனே வைத்துவிட மாட்டார். "உங்க பெரியம்மா ஒருநாள் என்ன பண்ணினா தெரியுமா..." என்று ஆரம்பிப்பார்.