மலைக்கள்ளன் போட்ட வேடமும் நாம் எழுதாத கதையும்

(சேலத்தில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய அமர்வில், மஃரிபுக்குப் பின் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதமும் வரலாறும் கலையும் இலக்கியமும் சமுதாயத்தைக் காட்டும் கண்ணாடியா, சமுதாயத்தை வார்க்கும் அச்சா என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. நான் அதை நம் ஊர் எல்லைக்குள் சுருக்கிக் கொள்கிறேன்.

ஏற்காடு சாலையில் ஒரு பழைய நுழைவாயில் நிற்கிறது. மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த இடம். "ஹஜ்ரத் சினிமாக் கம்பெனியைப் பற்றிப் பேசுகிறாரே" என்று முன்வரிசையில் சிலர் நெளிவது தெரிகிறது. சினிமாவுக்குப் போங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஊரே எதைப் பார்த்து நம்மை எடை போடுகிறதோ, அதை அறியாதவனாக நான் மிம்பரில் ஏறி என்ன பயன்?

டி.ஆர். சுந்தரம் நடத்திய அந்தக் கம்பெனிதான் 1956ல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எடுத்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். பாக்தாத் கதையை சேலத்துக்காரர் எடுத்தார், நாடே பார்த்தது. அதே கம்பெனி 1961ல் மலையாளத்தின் முதல் வண்ணப்படத்தை எடுத்தது. 'கண்டம் பெச்ச கோட்டு', அதாவது ஒட்டுப் போட்ட கோட்டு. செருப்புத் தைக்கும் ஏழை முஸ்லிம் ஒருவர், ஹஜ்ஜுக்குப் போகும் ஆசையில் காசு காசாகச் சேர்த்து வைக்கிறார். வரதட்சணைக் கொடுமையில் சிக்கிய ஒரு ஏழைக் குடும்பத்துக்காக அவர் கை அந்தக் காசை எடுக்கிறது. அறுபது வருஷத்துக்கு முன் நம்மவர் வீட்டு நோயை இத்தனை பரிவோடு படம் பிடித்துக் காட்டினார்கள். நோய் இன்னும் தீரவில்லை. போன மாதம்கூட ஒரு நிக்காஹ் பேச்சுவார்த்தையில் நான் பார்த்தேன். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே பைக் கேட்டார்கள்.

அடுத்து நாமக்கல்லுக்கு வாருங்கள். 1888ல் மோகனூரில் பிறந்தவர் நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை. சிறு பிராயத்தில் அவரை வளர்த்ததில் ஒரு முஸ்லிம் அம்மையாருக்கும் பங்கு உண்டு. அவர் எழுதிய 'மலைக்கள்ளன்' 1954ல் எம்.ஜி.ஆர். நடித்துப் படமாக வந்தது. மலையில் ஒளிந்திருக்கும் கள்ளன், ஊருக்குள் வரும்போது என்ன வேடத்தில் வருகிறான்? அப்துல் ரஹீம் என்ற செல்வந்த வியாபாரியாக வருகிறான்!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். போலீஸ் தேடும் ஒருவன் தலைநிமிர்ந்து நடமாட ஒரு வேடம் வேண்டும். கதைக்குக் கிடைத்த வேடம் முஸ்லிம் வியாபாரி. அன்று கொங்குச் சீமையின் சந்தைகளில் ஒரு பாயின் சொல்லுக்கு இருந்த மதிப்பு அது. அதை ஜனங்கள் ஏற்றுக்கொண்டதால்தான் படம் ஓடியது. இன்று அதே தாடியும் தொப்பியும் திரையில் வந்தால் அடுத்த காட்சியில் குண்டு வெடிக்கும் என்று சின்னப்பிள்ளைக்குத் தெரிகிறது.

1992ல் 'ரோஜா' வந்தபோது நான் மதரஸாவில் ஓதும் பிள்ளை. 1995ல் 'பம்பாய்'. இடையே 1992 டிசம்பர் 6ல் பாபரி மஸ்ஜித் இடிக்கப்பட்டது. 1997 இறுதியில் கோவைக் கலவரம், 1998 பிப்ரவரியில் குண்டுவெடிப்பு. நம் பெயரைச் சொல்லி அப்பாவிகளைக் கொன்றவர்களும் இருந்தார்கள். அதை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல. ஆனால் சிலர் செய்த குற்றத்தை ஒரு சமுதாயத்தின் முகமாகத் திரை திரும்பத் திரும்பக் காட்டியதே, அதுதான் வார்ப்பு வேலை. இங்கே இருக்கும் ஒரு தம்பி வாடகை வீடு பார்க்கப் போனார். வீடு பிடித்தது, முன்பணம் பேசியாயிற்று, கடைசியாகப் பெயர் கேட்டார்கள். பெயரைச் சொன்னதும் "சொந்தக்காரர் வருகிறார்" என்று விட்டார்கள். அந்த வீட்டுக்காரர் வாழ்நாளில் ஒரு முஸ்லிமோடும் சண்டை போட்டவர் அல்ல. அவர் பயத்தை அவருக்கு யார் கொடுத்தது?

2013ல் 'விஸ்வரூபம்' படத்துக்காகத் தெருவில் நின்றவர்களில் நானும் ஒருவன். அரசு தடை போட்டது, சில இடங்களில் ஒலியை நீக்க ஒப்புக்கொண்டார்கள், பிப்ரவரி 7ல் படம் வந்தது. நின்றதற்கு நான் வருந்தவில்லை. வீடு திரும்பிய பின் நாம் என்ன எழுதினோம்? அதைக் கேட்டால்தான் எனக்குத் தலை குனிகிறது.

குறைஷிக் கவிஞர்கள் பெருமானார் (ஸல்) அவர்களை வசை பாடியபோது நபியவர்கள் என்ன செய்தார்கள்? ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்காக மஸ்ஜித் நபவியிலேயே ஒரு மிம்பரைப் போடச் செய்தார்கள். கவிதைக்குக் கவிதையால் பதில். பள்ளிவாசலுக்குள், சகோதரர்களே! நம் பள்ளி நிர்வாகத்தில் இன்று ஒரு கவிஞனுக்கு நாற்காலி போடச் சொல்லிப் பாருங்கள்.

வணிகர்கள் இருக்கிறீர்கள், உங்களிடம் ஒரு வணிகரைப் பற்றிச் சொல்கிறேன். கீழக்கரை வள்ளல் சீதக்காதி. கப்பல் வியாபாரம் செய்த அவர்தான், பதினேழாம் நூற்றாண்டில், நபிகளாரின் வரலாற்றைத் தமிழில் பாடும்படி உமறுப்புலவரை ஊக்குவித்தவர். சீதக்காதிக்குப் பின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் கை கொடுத்தார். இரண்டு வியாபாரிகளின் காசில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களோடு சீறாப்புராணம் பிறந்தது. அரபு நாட்டைப் பாட வந்த புலவர் அங்கே ஆறு ஓட வைத்தார், நெல் விளைய வைத்தார். மக்காவைத் தமிழன் தன் ஊராகப் பார்த்தான். ஏட்டில் இருந்த அதை 1842ல் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அச்சேற்றினார். அவரும் ஓர் ஆலிம், ஞாபகம் இருக்கட்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன் இந்த வட்டாரத்துப் பள்ளிவாசல்களின் வரலாற்றைப் புத்தகமாக்க நன்கொடை கேட்டு ஒரு பெரிய கடைக்குப் போனேன். "ஹஜ்ரத், மண்டப வாசலுக்கு ஆர்ச் போடுங்கள், முழுச் செலவும் என்னுடையது. பெயர் மட்டும் கல்லில் வெட்ட வேண்டும்" என்றார். புத்தகத்துக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்தார். நல்ல மனிதர்தான். சீதக்காதியின் பெயர் எந்தக் கல்லில் இருந்து நமக்கு வந்தது என்று அவரிடம் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்திருந்தார்.

சங்ககிரிக் கோட்டையில் 1805ல் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலை, திப்பு சுல்தானோடு சேர்ந்து வெள்ளையரை எதிர்த்தவர். ஆடி மாதம் அவருக்கு விழா எடுக்கிறார்கள். மேடையில் திப்புவின் பெயரைச் சொல்ல நம்மவர் எத்தனை பேர் அங்கே போகிறோம்?

அதனால் கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில் அரபுத்தமிழ்க் கிதாபுகள் கிடக்கும். உம்மம்மா ராகம் போட்டு ஓதிய முனாஜாத்தோ, கிஸ்ஸாவோ, படைப்போரோ இருக்கும். எடைக்குப் போடாதீர்கள். எழுத வரும் தம்பிகள் உங்கள் மஹல்லாவில் எண்பது வயதைத் தாண்டியவர்களிடம் போய் உட்காருங்கள். யார் எந்தச் சந்தைக்குத் துணி சுமந்தார், எந்தக் கவுண்டர் கடன் கொடுத்தார், எந்தப் பள்ளிவாசலுக்கு யார் மண் சுமந்தார் என்று கேட்டு எழுதிக் கொண்டு வாருங்கள். பிழை இருந்தால் நான் திருத்தித் தருகிறேன். அச்சுச் செலவுக்கு வணிகர்கள் பத்துப் பேர் மாதம் ஆயிரம் ரூபாய் வீதம் ஒரு வருஷம் தந்தால் முதல் புத்தகம் வந்துவிடும். வாசலில் மேசை போட்டு இரண்டு நோட்டுகள் வைத்திருக்கிறோம். ஒன்றில் எழுத வருபவர்களும் மற்றொன்றில் கொடுக்க வருபவர்களும் பெயர் பதியலாம். இஷாவுக்குப் பாங்கு சொல்ல இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது.