ஆராய்ச்சியைச் சுருக்கிச் சொல்லுதல்

1935-இல் மைசூரில் மனத்தத்துவப் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி தம் இல்லத்திலேயே ஒரு சிறு வானொலி நிலையத்தை அமைத்தார். அதற்கு வழங்கிய ஆகாசவாணி என்னும் பெயரே பின்னர் நாட்டின் வானொலிக்கும் ஆயிற்று. கற்றதை ஊராருக்குச் சொல்லவேண்டும் என்னும் அவா இந்நகரத்துக்குப் புதிதன்று. இன்று மானசகங்கோத்ரியிலும், செலுவாம்பா மாளிகையிலுள்ள மத்திய உணவு ஆராய்ச்சி நிலையத்திலும் பயிலும் நம் தமிழ் இளைஞர்களையும் அப்பணி அழைக்கிறது. ஆராய்ச்சி மாணவர்கள் தம் ஆய்வை எளிய நடையில் எழுதுவதை ஊக்குவிக்க, மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2018-இல் 'அவ்சர்' என்றொரு பரிசுத் திட்டத்தையே தொடங்கியது.

எழுதுவது நன்று. எதை விட்டுச் சுருக்குவது என்பதில்தான் இடர் இருக்கிறது.

விஞ்ஞானச் செய்தி மக்களை எவ்வாறு அடைகிறது என்பதே இன்று தனியோர் ஆராய்ச்சித் துறை. அத்துறையைச் சார்ந்த கட்டுரை ஒன்று 2014-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. பெட்ரோக் சம்னரும் அவர் குழுவினரும், 20 பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் உடல்நலம் பற்றி 2011-இல் வெளியிட்ட 462 பத்திரிகை அறிக்கைகளை, மூல ஆய்வுகளோடும் செய்திகளோடும் ஒப்பிட்டனர். விலங்காய்வு பற்றிய அறிக்கைகளில் 36 சதவீதம், அதன் முடிவை மனிதர்மீது மிகையாக ஏற்றிச் சொல்லியிருந்தன. அவற்றைத் தொடர்ந்து வந்த செய்திகளில் 86 சதவீதத்தில் அதே மிகை இருந்தது. அடக்கமாகச் சொன்ன அறிக்கைகளைத் தொடர்ந்தவற்றிலோ 10 சதவீதத்தில்தான். மிகைப்படுத்தியதால் செய்தி அதிகமாகப் பரவிற்று என்பதற்கும் தக்க சான்று கிட்டவில்லை.

இதை ஓர் இளைஞர், "பத்திரிகைப் பொய்களுக்கு விஞ்ஞானிகளே காரணம்" என்று சுருக்கினால் கேட்க விறுவிறுப்பாக இருக்கும். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. ஒரு நாடு, ஓராண்டு, உடல்நலச் செய்திகள், எல்லை அவ்வளவே. இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்பது ஒன்று. ஒன்றால் மற்றது விளைந்தது என்பது வேறு. மிகையை ஆராய்ந்த கட்டுரையையே மிகைப்படுத்திச் சொல்வது வேடிக்கையன்றோ!

மைசூரிலேயே ஓர் உதாரணம் உண்டு. நான் முன்னர்க் குறிப்பிட்ட உணவு ஆராய்ச்சி நிலையம் 1950-இல் தோன்றியது. எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவுப் பொடி செய்யும் முறையை வகுத்த பெருமை அதற்கு உண்டு. எருமைப்பாலில் பசும்பாலைவிடக் கொழுப்பு மிகுதி. சிசுவின் வயிற்றில் அது இறுகித் திரளும். கொழுப்பைக் குறைத்து, திரளும் தன்மையை மாற்றிய பின்னரே அது குழந்தைக்கு ஏற்றதாயிற்று. இவ்வளவையும் "எருமைப்பால் குழந்தைக்கு நல்லது என மைசூர் நிபுணர்கள் கண்டனர்" என்று ஒரே வரியில் அடக்கிவிடலாம். அதைப் படித்த தாய் கறந்த பாலையே புகட்டிவிட்டால் என்ன ஆகும்? நாம் மிச்சம் பிடித்த நாலு சொல்லுக்கு விலை கொடுப்பது குழந்தையின் வயிறு. தாய்ப்பாலுக்கு அப்பொடி ஈடாகாது என்பதும் சுருக்கத்தில் இடம்பெற்றாக வேண்டும்.

ஆகையால் இளைஞர்களே, எழுதி முடித்ததும் அதை ஆராய்ச்சி அறியாத ஒருவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். தமிழில் உங்கள் தாயாருக்கும், கன்னடத்தில் அண்டை வீட்டாருக்கும் சொல்லிப் பார்க்கலாம். இரு மொழி அறிந்தவர்களுக்கு இது ஒரு வசதி. பிறகு அவர்களையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். 'சில', 'கூடும்', 'எலிகளில்' என்னும் சிறுசொற்கள் அவர்கள் வாயில் உதிர்ந்து போயிருந்தால், அவ்விடத்தை மீண்டும் எழுதுங்கள்.