கணக்கைக் காப்பது கடமை

(காரைக்கால் கோவில்பத்தில் சிறு வணிகர்களுக்காக ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சமண மரபில் நூல்களுக்கென்றே நாள் ஒதுக்கப்பட்டிருக்கிறது. திகம்பரர்கள் ஜேஷ்ட மாத வளர்பிறை ஐந்தாம் நாளைச் சுருத பஞ்சமியாகவும், சுவேதாம்பரர்கள் கார்த்திக மாத வளர்பிறை ஐந்தாம் நாளை ஞான பஞ்சமியாகவும் போற்றுகின்றனர். அன்று சுவடிகளை வெளியே எடுத்துத் தூசு தட்டிப் புதிய துணியில் கட்டி வைப்பது வழக்கம். பூச்சி அரித்த பிறகு மருந்து தேடுவதன்று அவர்கள் முறை. அரிக்குமுன் ஆண்டுதோறும் பார்த்துவிடுவதே முறை. நூலைப் படியெடுத்துப் பிறருக்கு வழங்குவது தானங்களுள் ஒன்றாகவும் கருதப்பட்டது. ஒரு படி அழிந்தாலும் மற்றொரு படி வேறோர் ஊரில் வாழும் என்பது அதன் பயன்.

இன்று வணிகரின் ஏடு கணினிக்குள் இருக்கிறது. கடன் நிலுவை, சரக்கிருப்பு, வாடிக்கையாளர் விவரம், ஜி.எஸ்.டி. கணக்கு ஆகிய அனைத்தும் அந்தச் சிறு பெட்டிக்குள் அடங்கிவிட்டன. ஆயுத பூசையன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் இடப்படுகின்றன. ஆனால் மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பதோ, அது நின்றுபோன பிறகுதான்.

காரைக்கால் கடலோர ஊர். உப்புக் காற்றும் ஈரமும் உலோக இணைப்புகளை மெல்ல அரிக்கின்றன. கடைத்தெருவின் தூசு விசிறியிலும் வெப்பத்தை வெளியேற்றும் தகடுகளிலும் படிந்து, காற்றோட்டத்தை அடைக்கிறது. வெப்பம் மிகும்போது கணினி முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. பின்னர் தானாகவே அணைந்துவிடுகிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தபோது, மின்சாரமின்றி இருள் சூழ்ந்த நாட்களை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஐப்பசி மழைக்கு முன்பே யு.பி.எஸ். பேட்டரியைச் சோதிப்பதும், நில இணைப்பைச் சரிபார்ப்பதும், தரையில் கிடக்கும் பெட்டியை மேசைமேல் ஏற்றி வைப்பதும் செலவில்லாத அல்லது சிறு செலவுள்ள காரியங்களே.

சிறு பொருள் பெரும் வேலையை நிறுத்துவதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மதர்போர்டில் ஒரு நாணய அளவுள்ள பேட்டரி இருக்கிறது. மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓடச் செய்வது அதுவே. சில ஆண்டுகளில் அது தீர்ந்துவிட்டால், கணினியின் தேதி பழைய ஆண்டுக்குத் திரும்பிவிடும். தவறான தேதியில் பில் பதிவாகலாம். பாதுகாப்புச் சான்று பொருந்தாமல் அரசு இணையதளங்கள் திறக்க மறுக்கலாம். வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாளன்று இது நேர்ந்தால், சில பத்து ரூபாய் பேட்டரிக்காகத் தாமதக் கட்டணம் செலுத்த நேரும்.

கண்ணுக்குத் தெரியாத பராமரிப்பும் உண்டு. 2017 மே 12 அன்று ‘வான்னாகிரை’ என்னும் கேட்டு நிரல் உலகெங்கும் பரவியது. கோப்புகளைப் பூட்டிவைத்து, திறப்பதற்கு 300 டாலர் மதிப்புள்ள பிட்காயினைப் பணயமாகக் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவ அமைப்புகளில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் அதனால் பாதிக்கப்பட்டன. ஆந்திரக் காவல் துறையின் கணினிகளும் தப்பவில்லை. ஆனால் அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. மருந்து வந்து இரண்டு மாதம் ஆகியும் அதைப் போட்டுக்கொள்ளாதவர்களே பெரும்பாலும் துன்புற்றனர். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதை, அதையே இன்றும் நம்பியிருப்போர் கருத வேண்டும்.

இனி, படியெடுத்தல். கணக்கின் படிகள் மூன்று இருத்தல் வேண்டும்; அவை இருவகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும்; ஒன்றேனும் கடைக்கு வெளியே இருத்தல் வேண்டும். எப்போதும் கணினியிலேயே செருகிக் கிடக்கும் பென் டிரைவ் முழுப் பாதுகாப்பாகாது. கணினியைப் பூட்டும் கேட்டு நிரல் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். எடுத்த படி திறக்கிறதா என்று பார்ப்பதும் இன்றியமையாதது. ‘டாய் ஸ்டோரி 2’ திரைப்படம் உருவான காலத்தில், பிக்சார் நிறுவனத்தில் அப்படத்தின் கோப்புகள் தவறுதலாக அழிந்தன. எடுத்து வைத்திருந்த படிகளும் சரியாக வேலை செய்யவில்லை. பணியாளர் ஒருவர் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்காக வைத்திருந்த படியே அப்படத்தைக் காத்தது. அத்தகைய நல்வாய்ப்பு எல்லாருக்கும் அமைவதில்லை. மாதம் ஒருமுறை, வேறொரு கணினியில் படியைத் திறந்து, கடைசி பில்லும் நிலுவைத் தொகையும் சரியாக உள்ளனவா என்று ஒப்பிட்டுப் பார்த்தலே உண்மையான சோதனை.

ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் செய்வோர் தொகையை மட்டும் பார்த்தல் கூடாது. பழுது வந்தால் வருவதாக மட்டும் சொல்லும் ஒப்பந்தம் காப்பு ஒப்பந்தமன்று. ஆண்டில் எத்தனை முறை தாமாகவே வந்து சுத்தம் செய்வர், அழைத்தால் எத்தனை மணி நேரத்தில் வருவர், உதிரிப் பாகங்களின் விலை அடக்கமா தனியா, படியெடுக்கும் பொறுப்பு யாருடையது ஆகிய நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு வருகையிலும் செய்த வேலையை ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பம் பெறுதல் நன்று. கடவுச்சொற்கள் கடைக்காரரின் பொறுப்பிலேயே இருத்தல் வேண்டும். ஒரே கணினி உள்ள கடைக்கு ஒப்பந்தம் கட்டுப்படியாகாதெனில், காலாண்டுக்கு ஒரு நாளை நாட்காட்டியில் குறித்து இவற்றைத் தாமே செய்துகொள்ளலாம். அக்கம்பக்கத்துக் கடையினர் சிலர் சேர்ந்து ஒருவரை அமர்த்திக்கொள்ளலாம்.

இதில் இழப்பு வணிகருக்கு மட்டும் உரியதன்று. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டறிக்கைக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கைக் காத்தல் வேண்டும். அச்சட்டத்திற்கு மேலாக ஒரு கடமையும் உண்டு. தவணையாகப் பணம் கட்டியவர், முன்பணம் கொடுத்தவர், கூலி பாக்கியுள்ள தொழிலாளி ஆகியோரின் கையில் பல வேளைகளில் ஒரு துண்டுச் சீட்டும் இருப்பதில்லை. கடைக்காரரின் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது என்ற நம்பிக்கையே அவர்களுக்கு உள்ள ஆவணம். அக்கணக்கு அழிந்தால், கொடுத்தவர் கொடுத்தேன் என்பார்; வாங்கியவருக்கு நினைவிராது. இருவரும் நல்லவராயினும் இடையில் ஐயம் புகுந்துவிடும்.

ஆகவே கணினியைப் பேணுதல் என்பது பொருளைப் பேணுதல் மட்டுமன்று. பிறர் வைத்த நம்பிக்கையைப் பேணுதலும் ஆகும். சுவடிக்கு ஒரு நாள் ஒதுக்கிய முன்னோரைப் போல, கணக்குப் பெட்டிக்கும் ஒரு நாளை ஒதுக்குதல் தகும். இன்று கடையைச் சாத்துவதற்கு முன் ஒரு படி எடுத்து வீட்டுக்குக் கொண்டு செல்வதே அதற்கு நல்ல தொடக்கமாக அமையும்.