விளக்கும் குடமும்



படை வந்து பாராளுமன்ற வாயிலைப் பூட்டினால், ஜனநாயகம் வீழ்ந்தது என்பதை எவரும் அறிவர். சட்டத்தின் வாயிலாகவே அது தேயும்போதோ பலர் அதனை உணர்வதில்லை. இதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு.

1970ஆம் ஆண்டு மே மாதம் ஐந்து ஆண்டுகளுக்கெனத் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுள், 1972ஆம் ஆண்டின் புதிய அரசியலமைப்பால் 1977 வரை நீண்டது. இதனைக் கண்டித்து 1975இல் தம் கொழும்பு தெற்கு ஆசனத்தைத் துறந்து, இடைத்தேர்தலில் மீண்டும் வென்றவர் திரு. ஜே. ஆர். ஜயவர்த்தன. 1977 ஜூலையில் அவர் கட்சி 168 ஆசனங்களுள் 140ஐப் பெற்றது.

1982 ஒக்டோபரில் அவர் மறுபடியும் ஜனாதிபதியாகத் தெரிவானார். கிடைத்த வாக்குகள் நூற்றுக்கு ஏறத்தாழ 53. அடுத்த பொதுத்தேர்தல் விகிதாசார முறைப்படி நடந்திருப்பின், ஆறில் ஐந்து பங்கு ஆசனங்கள் அவர் கட்சியிடம் நிலைத்திரா. எனவே, பழைய பாராளுமன்றமே மேலும் ஆறாண்டுகள் இருக்கலாமா என மக்களிடம் கேட்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தில் நால்வர் ஒரு பக்கமும் மூவர் மறுபக்கமுமாகப் பிரிந்து, இதற்கு வழி விடப்பட்டது.

டிசெம்பர் 22ஆந் திகதி, அவசரகால நிலையின் கீழ், சர்வசன வாக்கெடுப்பு நடைபெற்றது. 'ஆம்' என்போருக்கு விளக்கு. 'இல்லை' என்போருக்குக் குடம். விளக்கு 54.66 சதவீதம் பெற்று வென்றது. யாழ்ப்பாண மாவட்டத்திலோ, வாக்களித்தோரில் நூற்றுக்கு 90க்கும் மேற்பட்டோர் குடத்தையே நாடினர்.

அடுத்த பொதுத்தேர்தல் 1989 பெப்ரவரியிலேதான் வந்தது. 1977 தேர்தலின்போது 18 வயதை எட்டாதிருந்த இளைஞர் பலர், தம் முதற் பொதுத்தேர்தலைக் காண 29 வயதுவரை காத்திருந்தனர். குறையைச் சொல்ல வாக்குப்பெட்டி இல்லாதவிடத்து மனக்கசப்பு வேறு வழி தேடும். அவ்வாண்டுகளில் வடக்கிலும் தெற்கிலும் சிந்திய இரத்தத்திற்கு இது ஒன்றே காரணமன்று; காரணங்களுள் இதுவும் ஒன்று.

எனினும், தேய்ந்தது மீளாது என்பதில்லை. 2018 நவம்பரில் ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் காலத்துக்கு முன்னரே கலைத்தபோது, உயர் நீதிமன்ற நீதியரசர் எழுவரும் ஒருமனதாக அதனைச் செல்லாதென டிசெம்பர் 13இல் தீர்த்தனர்.

நேயர்களே, ஆட்சியாளர் ஒரு புதிய அதிகாரத்தைக் கேட்கும்போது, 'சட்டம் இடந்தருமா?' என்று மட்டும் வினவுதல் போதாது. 'நம் எதிர்க்கட்சியார் இதனையே கேட்டால் இசைவோமா?' என்றும் வினவுதல் வேண்டும். 1975இல் சரியாக விடை கண்டவர், 1982இல் அவ்வினாவை மறந்தார். நாம் மறவாதிருப்போமாக.